பழைய காரில் பிரேக் லைட், பீடிங் பழுது: காவிரி டெல்டாவுக்கான முழுமையான வழிகாட்டி

நம் பக்கத்துச் சாலைகளில் பல, ஆற்றுக்கும் வயலுக்கும் நடுவே கரைமேல் ஓடுபவை. வெண்ணாற்றங்கரை ஆனாலும் குடமுருட்டிக் கரை ஆனாலும் ஒதுங்க இடம் இருக்காது. மதகு வந்தால் ஒரு வண்டிதான் போகலாம். அறுவடை சமயத்தில் தார்ச்சாலையின் பாதியில் நெல் காயும். வைக்கோல் ஏற்றிய டிராக்டர் பின்விளக்கே இல்லாமல் முன்னால் ஊர்ந்துகொண்டிருக்கும். திடீரென்று வாத்துக்கூட்டம் குறுக்கே இறங்கும். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டேதான் பாதிப் பயணம். நாம் நிற்கப் போகிறோம் என்பது பின்னால் வருகிற டூவீலர்காரருக்கு அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தால்தான் தெரியும். மார்கழிப் பனியில் அதுவும் எரியவில்லை என்றால் அவர் நம் டிக்கியில் வந்து மோதிய பிறகுதான் தெரிந்துகொள்வார்.

பிரேக் லைட் எரியவில்லை என்றதும் பல்பை மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று கிளம்புகிறவர்கள்தான் அதிகம். புதுக் காராக இருந்தால் பல நேரம் அது போதும். பத்துப் பதினைந்து மழைக்காலம் பார்த்த மாருதி 800, ஜென், ஆம்னி, சான்ட்ரோ, இண்டிகா போன்ற வண்டிகளில் போதாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் விளக்குக்குள்ளே தண்ணீர் இறங்குகிறது, ஹோல்டரில் களிம்பு பிடிக்கிறது, எர்த் (கரண்டு பாடி வழியாகத் திரும்பிப் போகும் இணைப்பு) துருவேறுகிறது. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இறுகிப்போன ரப்பர், கிளிப் உடைந்து தூக்கிக்கொண்டிருக்கும் பீடிங் (பாடியின்மேல் ஓடும் பிளாஸ்டிக், ரப்பர் பட்டி), விரிசல் விட்ட லென்ஸ் (விளக்கின் பிளாஸ்டிக் மூடி) என்று ஏதோ ஒன்று இருக்கும். அதனால்தான் விளக்கையும் பீடிங்கையும் ஒரே வேலையாகச் சேர்த்துச் செய்யச் சொல்கிறேன். ஒன்றை விட்டு ஒன்றைச் செய்தால் அடுத்த மழையில் மறுபடி அதே இடத்தில் வந்து நிற்பீர்கள்.

முதலில் கோளாறு என்னவென்று பாருங்கள்

எதையும் கழற்றுவதற்கு முன்னால் விளக்கு எப்படி நடந்துகொள்கிறது என்று கவனியுங்கள். கூட ஒரு ஆள் இருந்தால் நல்லது. தனியாக இருந்தால் பொழுது சாய்ந்த பிறகு ஒரு வெள்ளைச் சுவருக்குப் பின்பக்கம் காட்டி வண்டியை நிறுத்தி, கண்ணாடியில் பார்த்தபடி பிரேக்கை மிதியுங்கள். சுவரில் இரண்டு பக்கமும் ஒரே அளவு சிவப்பு விழ வேண்டும். ஒரு பக்கம் மங்கல் என்றாலும் அது கோளாறுதான். பெடலைத் தொடர்ந்து அழுத்தி வைக்க வேண்டுமானால் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக் கொடுக்கலாம். பல பழைய வண்டிகளில் சாவி இல்லாமலே பிரேக் லைட் எரியும். சிலவற்றில் சாவியைத் திருப்பினால்தான் எரியும். எதற்கும் திருப்பியே சோதியுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் கோளாறு அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது: பல்பு, ஹோல்டர், அந்தப் பக்கத்து எர்த். ஃபியூஸையும் பெடல் சுவிட்சையும் தொடவே வேண்டாம்.

இரண்டு பக்கமும் எரியவில்லை என்றால் ஃபியூஸ், பெடல் சுவிட்ச், அங்கிருந்து பின்னால் வரும் ஒயர் என்று தேட வேண்டும். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். ஒரு பல்பு எப்போதோ போய் யாரும் கவனிக்காமல் இருந்து, இரண்டாவதும் இப்போது போயிருக்கலாம். இப்படி நடப்பது சகஜம். அதனால் பல்பு இரண்டையும் பார்த்துவிட்டு அப்புறம் முன்பக்கம் போங்கள்.

காலை எடுத்த பிறகும் அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பெடல் சுவிட்ச் சம்பந்தப்பட்டது. இதை நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட முடியாது. பிரேக் பல்பு ஒன்று 21 வாட். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 3.5 ஆம்பியர் இழுக்கும். 35 ஆம்பியர்-ஹவர் (Ah) பேட்டரியை ஒரே இரவில் காலி செய்துவிடும். அதைவிட ஆபத்து, நாம் உண்மையிலேயே பிரேக் போடுவது பின்னால் வருபவருக்குத் தெரியாது.

பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் லேசாக மினுங்குகிறது, ஹெட்லைட் போட்டிருக்கும்போது மிதித்தால் டெயில் லைட் மங்குகிறது என்பதெல்லாம் எர்த் கோளாறு. கரண்டுக்குத் திரும்பிப் போகச் சரியான வழி கிடைக்காமல் பக்கத்து பல்பு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது.

பிரேக்கை மிதித்தால் டேஷ்போர்டு விளக்கு எரிகிறதா? தப்பான பல்பு போட்டிருக்கிறார்கள், அல்லது ஹோல்டருக்குள் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொடுகின்றன.

கையில் என்னென்ன இருக்க வேண்டும்

ஸ்டார், பிளாட் ஸ்க்ரூடிரைவர், 8 மற்றும் 10 மில்லிமீட்டர் ஸ்பேனர், கட்டிங் பிளேயர், நைஸ் எமரி ஷீட், காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே, வாசலின், இன்சுலேஷன் டேப், ஒரு மல்டிமீட்டர். மல்டிமீட்டர் விலை குறைந்ததே போதும், ஆனால் கட்டாயம் வேண்டும். பீடிங் வேலைக்குத் தடிமனான பிளாஸ்டிக் ஸ்கேல், தூண்டில் நரம்பு கொஞ்சம், நல்ல இரட்டைப் பக்க டேப், கண்ணாடி ஒட்டும் கடைகளில் கிடைக்கும் கறுப்பு பியூட்டைல் டேப், புதுக் கிளிப்கள்.

கிளிப் வாங்கப் போகும்போது பழைய கிளிப் ஒன்றை, உடைந்ததாக இருந்தாலும், கையில் எடுத்துப்போங்கள். வண்டிப் பேரைச் சொல்லி வாங்கினால் ஓட்டை அளவு பொருந்தாமல் போகும். தேவைக்குமேல் நாலைந்து சேர்த்தே வாங்குங்கள். கழற்றும்போது உடையாத பழைய கிளிப் அபூர்வம்.

விளக்கைத் திறப்பது

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்கு ஒரு செங்கல் வையுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். சோதிக்கும் நேரத்தில் மட்டும் மாட்டிக்கொள்ளலாம்.

சில வண்டிகளில் லென்ஸின் மேலேயே ஸ்க்ரூ தெரியும். சிலவற்றில் டிக்கியைத் திறந்து உள்பக்கத்து லைனிங்கை விலக்கினால் ஹோல்டரைக் கையால் திருகி எடுத்துவிடலாம். இன்னும் சிலவற்றில் விளக்கு மொத்தமும் உள்ளேயிருந்து நட்டில் பிடித்திருக்கும். நட்டை எடுத்ததும் விளக்கை நேராகப் பின்னால் இழுக்க வேண்டும். துருப்பிடித்த ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டாதீர்கள். துரு நீக்கும் எண்ணெயை ஒரு துளி விட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். லென்ஸ் பழைய பிளாஸ்டிக். ஸ்க்ரூடிரைவர் நழுவி ஒரு அழுத்தம் விழுந்தால் ஓரத்தில் விண்டுவிடும். பழைய மாடலுக்கு லென்ஸ் தேடி அலைவது எளிதல்ல.

டிக்கி லைனிங் கிளிப்பை எடுக்கும்போது நடுவில் இருக்கும் சிறிய ஊசிபோன்ற பகுதியைக் கவனியுங்கள். சிலவற்றில் அதை உள்ளே தள்ளினால் லாக் விடும். சிலவற்றில் வெளியே இழுக்க வேண்டும். எது என்று பார்க்காமல் நெம்பினால் அட்டையோடு பிய்ந்து வரும்.

பல்பு

டெயில் லைட்டும் பிரேக் லைட்டும் ஒரே பல்பாக இருக்கும் வண்டிகளில் பல்பின் அடியில் பி21/5டபிள்யூ என்று பொறித்திருக்கும். உள்ளே இரண்டு இழைகள்: 5 வாட் டெயில் லைட்டுக்கு, 21 வாட் பிரேக்குக்கு. பிரேக்குக்குத் தனி பல்பு இருந்தால் அது ஒரே இழை கொண்ட பி21டபிள்யூ. கடையில் "அண்ணே, பிரேக் லைட் பல்பு" என்று மட்டும் கேட்டால் அவரே "சிங்கிளா, டபுளா?" என்று திருப்பிக் கேட்பார். பழைய பல்பைக் கொண்டுபோய்க் காட்டிவிடுவதே நல்லது.

இரட்டை இழை பல்பின் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு முளைகளும் ஒரே உயரத்தில் இருக்காது. ஒன்று மேலே, ஒன்று கீழே. ஹோல்டருக்குள் ஒரே ஒரு வாகில்தான் அது உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். உட்காரவில்லை என்று அழுத்தித் திருகினால் தலைகீழாக மாட்டிக்கொள்ளும். டெயில் லைட் பிரேக் அளவுக்குப் பிரகாசமாக எரியும். பிரேக் மிதித்தால் பெரிதாக வித்தியாசம் தெரியாது.

பல்பைக் கண்ணால் பார்த்து நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். கண்ணாடி கறுத்திருந்தால் தூக்கிப் போடலாம். இழை முழுசாகத் தெரிந்தாலும் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். 21 வாட் இழை குளிர்ந்த நிலையில் ஒரு ஓமுக்குப் பக்கத்தில் காட்டும். எதுவுமே காட்டவில்லை என்றால் இழை எங்கோ அறுந்திருக்கிறது.

எல்இடி பல்பு போடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். வேண்டாம் என்பேன். பழைய விளக்கின் உள்பக்கக் குழிவு, பல்பின் இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்தது. எல்இடி பல்பில் வெளிச்சம் வேறு இடத்திலிருந்து வருவதால் நேர் பின்னால் நின்றால் கண் கூசும், கொஞ்சம் விலகினால் இருட்டு. அதோடு அதற்குக் கரண்டு கொஞ்சம் போதும் என்பதால், எர்த் கோளாறு இருந்தாலும் எரிந்து அதை மறைத்துவிடும்.

ஹோல்டரும் எர்த்தும்

டெல்டா வண்டிகளில் கோளாறு ஒளிந்திருக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். நிதானமாகச் செய்யுங்கள்.

பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் இரண்டு சிறிய பித்தளை முனைகள், ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும். அவை மஞ்சளாகப் பளபளக்க வேண்டும். நாகூர், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் ஓடும் வண்டி என்றால் முனையைச் சுற்றிப் பச்சையாகப் பொரிந்திருக்கும். ஓரத்தில் வெள்ளைப் பொடி உதிரும். பச்சை என்பது செம்பு கலந்த உலோகத்தில் பிடிக்கும் களிம்பு. உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்தால் அது வேகமாக வளரும். களிம்புக்குள் கரண்டு சரியாகப் பாயாது. அந்த இடம் சூடாகும், சூட்டில் பிளாஸ்டிக் உருகி முனை சாய்ந்துவிடும். உருகிய ஹோல்டரைச் சரிசெய்ய முயல வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

எமரி ஷீட்டைப் பென்சிலில் சுற்றி ஹோல்டருக்குள் விட்டு மெதுவாகத் திருப்புங்கள். முனைகள் பளிச்சென்று வரும்வரை தேய்த்து, காண்டாக்ட் கிளீனர் அடித்து, காய்ந்த துணியால் துடையுங்கள். ஸ்பிரிங் அமுங்கி எழும்புகிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். சிலர் புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்க்கிறார்கள். நாச்சியார்கோயில் குத்துவிளக்கைப் புளி பளபளப்பாக்கும், உண்மைதான். விளக்கை நாம் பிறகு நன்றாகக் கழுவிவிடுகிறோம். ஹோல்டரின் இடுக்கில் தங்கும் புளிப்பை அப்படிக் கழுவ முடியாது. அது உள்ளேயே இருந்து அரிக்கும்.

அடுத்தது எர்த். விளக்கிலிருந்து வரும் கறுப்பு ஒயரை, சில வண்டிகளில் வேறு நிறமாகவும் இருக்கும், தொடர்ந்து போனால் அது பாடியில் ஒரு ஸ்க்ரூவில் முடியும். டிக்கியின் ஓரத்தில், கார்ப்பெட்டுக்கு அடியில் பாருங்கள். அந்த ஸ்க்ரூவைக் கழற்றி, ஒயர் முனையின் வளையத்தையும் அது உட்காரும் தகரத்தையும் பெயிண்டோ துருவோ இல்லாமல் வெள்ளைத் தகரம் தெரியும்வரை தேய்த்தெடுங்கள். பல் வாஷர் ஒன்று போட்டு இறுக்குங்கள். அதன் பற்கள் தகரத்தைக் கடித்துப் பிடிக்கும். இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசி மூடுங்கள்.

எர்த் சரியாகிவிட்டதா என்று நிச்சயப்படுத்திக்கொள்ள மல்டிமீட்டர் வேண்டும். பேட்டரியை மாட்டுங்கள், பல்பைப் போடுங்கள், பிரேக்கை அழுத்தி வையுங்கள். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, ஒரு முனையை ஹோல்டரின் உலோகச் சட்டத்திலும் மறு முனையை பேட்டரி நெகட்டிவிலும் தொடுங்கள். தூரமாக இருந்தால் ஒரு நீள ஒயரை ஒட்டுப்போட்டுக்கொள்ளலாம். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. 0.5க்கு மேல் காட்டினால் எங்கோ இன்னும் துரு இருக்கிறது. விளக்கு எரியும்போது மட்டுமே இந்தச் சோதனை பேசும். கரண்டு ஓடாமல் பார்த்தால் மிக மோசமான எர்த்தும் நல்ல பிள்ளையாகத்தான் தெரியும்.

பாசிட்டிவ் பக்கத்தையும் இப்படியே பார்க்கலாம். நல்ல சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். விளக்கு எரியும்போது பேட்டரியின் இரு முனைகளில் ஒரு தடவை, ஹோல்டரில் ஒரு தடவை அளந்து பாருங்கள். ஹோல்டரில் ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வழியில் ஏதோ ஒரு ஜாயின்ட் கரண்டைத் தின்கிறது.

ஃபியூஸும் பெடல் சுவிட்சும்

இரண்டு பக்கமும் எரியாத வண்டிக்குத்தான் இந்தப் பகுதி. பல வண்டிகளில் ஹாரனும் பிரேக் லைட்டும் ஒரே ஃபியூஸில் இருக்கும். ஹாரனும் அடிக்கவில்லை என்றால் ஃபியூஸ்தான் என்று பாதி முடிவு கட்டிவிடலாம். எந்த ஃபியூஸ் என்பது ஃபியூஸ் பெட்டி மூடியில் இருக்கும். தட்டை ஃபியூஸில் சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. அதே அளவுதான் போட வேண்டும். வெள்ளித்தாள் சுற்றுவதும் செம்புக்கம்பி போடுவதும் வண்டியைக் கொளுத்துகிற வேலை. புது ஃபியூஸும் போட்டவுடன் போனால் எங்கோ ஒயர் தோலுரிந்து பாடியைத் தொடுகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் அடுத்த ஃபியூஸைப் போடாதீர்கள்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால் டிரைவர் சீட்டுக்கு முன்னால் குனிந்து பிரேக் பெடலின் மேல்கோடியைப் பாருங்கள். இரண்டு ஒயர் போகும் சிறிய சுவிட்ச் ஒன்று தெரியும். பெடல் மேலே இருக்கும்போது அதன் முளையை அழுத்திக்கொண்டிருக்கும்; மிதித்ததும் முளை வெளியே வந்து இணைப்புக் கொடுக்கும். கனெக்டரைக் கழற்றி, அதன் இரண்டு ஓட்டைகளையும் சிறிய ஒயர்த் துண்டால் இணைத்துப் பாருங்கள். விளக்கு எரிந்தால் சுவிட்ச் போய்விட்டது. எரியவில்லை என்றால் கோளாறு ஒயரில்.

விளக்கு அணையாமல் எரிகிற வண்டியிலும் இங்கேதான் பார்க்க வேண்டும். சுவிட்சின் முளை தொடுகிற இடத்தில் பெடலில் ஒரு சின்ன ரப்பர் அல்லது பிளாஸ்டிக் குமிழ் இருக்கும் வண்டிகள் உண்டு. வருஷக்கணக்கில் இறுகி அது பொடிந்து விழும். காலடி விரிப்பில் நொறுங்கிய துண்டுகள் கிடந்தால் சுவிட்ச் நன்றாகத்தான் இருக்கிறது, அந்தக் குமிழை மட்டும் வாங்கிப் போட்டால் சரியாகிவிடும்.

சுவிட்சை மாற்றினால் அதன் இடைவெளியைச் சரிபார்ப்பது முக்கியம். பெடலை லேசாகத் தொட்டதும் விளக்கு எரிய வேண்டும். விட்டதும் அணைய வேண்டும். சுவிட்சை மிக முன்னால் தள்ளி வைத்துவிட்டால் அதுவே பெடலைக் கொஞ்சம் அழுத்தி வைத்திருக்கும். பிரேக் உராய்ந்துகொண்டே ஓடும், சக்கரம் சூடாகும். வேலை முடிந்ததும் பெடல் முழுவதும் மேலே வருகிறதா என்று கையால் தூக்கிப் பாருங்கள். பிறகு சிறிது தூரம் ஓட்டிவிட்டு நாலு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள்.

மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் பெடலில் சுவிட்ச் இருக்காது. பிரேக் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் சுவிட்ச் ஆயில் குழாயிலேயே இருக்கும். அதைக் கழற்றினால் பிரேக் லைனில் காற்று புகுந்துவிடும். அந்த வேலையை மெக்கானிக்கிடமே விடுங்கள். பெடல் பக்கத்தில் பிரேக் ஆயில் கசிந்திருப்பதைப் பார்த்தாலும் அப்படித்தான். அது விளக்கு சம்பந்தப்பட்டதே அல்ல, அப்படியே ஓட்டாதீர்கள்.

ஒயர் பார்ப்பது

ஒயர் அறுபட மூன்று இடங்களைத்தான் முதலில் பார்ப்பேன். டிக்கிக் கதவின் கீல் பக்கம் ஒயர் மடங்கி மடங்கி விரியும் ரப்பர் குழாய், பழைய ஆள் யாரோ முறுக்கி டேப் சுற்றிவிட்ட ஜாயின்ட், அப்புறம் எலி கடித்த இடம். அறுவடை முடிந்ததும் வயல் எலி வீட்டுப்பக்கம் வரும், நின்றிருக்கும் வண்டிக்குள்ளும் ஏறும். டிக்கியில் நெல் மூட்டையோ விதை மூட்டையோ ஏற்றியிருந்தால் சிந்திய நெல் கார்ப்பெட்டுக்கு அடியில் கிடக்கும். ஒயரை ஒட்டுவதற்கு முன்னால் அந்த நெல்லைக் கூட்டி எடுங்கள், இல்லாவிட்டால் எலி திரும்ப வரும்.

அறுந்த இடத்தில் ஒயரை ஒரு சென்டிமீட்டர் சீவி, செம்பு கறுத்திருந்தால் நல்ல நிறம் வரும்வரை வெட்டிப் பின்னால் போய், சூட்டில் சுருங்கும் ஸ்லீவை முதலில் ஒயரில் நுழைத்து, முறுக்கி, ஈயம் வைத்து, ஸ்லீவை மேலே இழுத்துச் சூடு காட்டுங்கள். வெறும் டேப் சுற்றினால் நம் வெயிலில் பசை இளகி அவிழ்ந்துவிடும்.

லென்ஸ்

லென்ஸுக்குள் தண்ணீர் தேங்கியிருந்தால் எந்த வழியாக வந்தது என்று பாருங்கள். அடியில் சிறிய வடிகால் ஓட்டை இருக்கும் விளக்குகளில் அந்த ஓட்டை சேற்றில் அடைத்திருக்கும். ஊசியால் குத்தி விடுங்கள். கசிகிறது என்று சொல்லி அந்த ஓட்டையையே சிலிகான் வைத்து மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். மூடினால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் விளக்கு முழுதும் வியர்த்துப்போகும்.

சிலிகான் வைக்க வேண்டிய இடத்திலும் வினிகர் வாடை அடிக்கிற சிலிகானைத் தவிர்த்துவிடுங்கள். அது காய்கிறபோது வருகிற அமிலம் பித்தளையையும் தகரத்தையும் அரிக்கும். வாடையில்லாத நியூட்ரல் வகை கேட்டு வாங்குங்கள்.

சின்ன விரிசலுக்கு இரண்டு ட்யூபைக் கலந்து பூசும் தெளிவான எபாக்ஸி நல்லது. ஃபெவிக்விக் போன்ற பசை லென்ஸைச் சுற்றி வெள்ளையாகப் பூக்கும். பெட்ரோல், தின்னர் போட்டு லென்ஸைத் துடைக்கவே கூடாது. பிளாஸ்டிக்கில் நூல் நூலாக வெடிப்பு விடும். ஷாம்பு தண்ணீர் போதும். நிறம் வெளுத்து வெளிச்சம் ரோஸாகத் தெரிகிற லென்ஸ், துண்டு உடைந்து வெள்ளை வெளிச்சம் வருகிற லென்ஸ் இரண்டையும் மாற்றித்தான் ஆக வேண்டும். சிவப்பு டேப் ஒட்டுவது ஊருக்கு வந்து சேரும்வரைதான்.

விளக்குக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் ஸ்பாஞ்ச் ரப்பரை விரலால் கிள்ளிப் பாருங்கள். அமுங்கி எழும்பவில்லை என்றால் அது செத்துவிட்டது. அதை முழுசாகச் சுரண்டி எடுத்து, அந்த இடத்தில் பியூட்டைல் டேப்பை ஒரே சுற்றாக ஒட்டுங்கள். முடியும் இடம் கீழ்ப்பக்கமாக இருக்கட்டும். மேலே முடிந்தால் மழைத்தண்ணீர் அந்த இணைப்பில் இறங்கும். ஸ்க்ரூக்களை ஒன்று மாற்றி ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே மூலையை முதலில் இறுக்கினால் எதிர்மூலை தூக்கும், அல்லது விண்டுபோகும்.

பீடிங்கும் பிளாஸ்டிக் பட்டிகளும்

விளக்குகளுக்கு நடுவே டிக்கியில் ஓடும் பிளாஸ்டிக் பட்டி, கதவோரத்துப் பீடிங், பம்பருக்கு மேல் வரும் ரப்பர் என்று இவை அழகுக்காக மட்டும் இருப்பவை என்று நினைத்து விட்டுவிடுகிறோம். பட்டி தூக்கிக்கொண்டால் அதன் பின்னால் மண்ணும் ஈரமும் தங்கும், தகரம் துருவேறும், கிளிப் ஓட்டை பெரிதாகி அதன் வழியே டிக்கிக்குள் தண்ணீர் சொட்டும். டிக்கியில் விழுந்த தண்ணீர் நேராக எர்த் ஸ்க்ரூவின் மேல்தான் போய் நிற்கும்.

ஒட்டியிருக்கும் பீடிங்கை எடுக்க உச்சிவெயில்தான் சரியான நேரம். வண்டியை ஒரு மணி நேரம் வெயிலில் விட்டால் பசை இளகியிருக்கும். தூண்டில் நரம்பை இரண்டு கையிலும் சுற்றிப் பிடித்து, பீடிங்குக்குப் பின்னால் கொடுத்து, ரம்பம் அறுப்பதுபோல முன்னும் பின்னும் இழுத்தபடி நகருங்கள். பெயிண்டில் ஒரு கீறல் விழாது. கிளிப்பில் பிடித்திருக்கும் பட்டியைப் பிளாஸ்டிக் ஸ்கேலால் கிளிப்புக்குப் பக்கத்திலேயே நெம்புங்கள். நடுவில் நெம்பினால் பட்டி வளைந்து முறியும்.

எடுத்ததும் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். லேசான துரு என்றால் எமரி போட்டுத் தேய்த்து, துடைத்து, மெட்டல் பிரைமர் ஒரு கோட், அது காய்ந்ததும் வண்டி நிறத்தில் டச்சப். நகத்தால் அழுத்தினால் தகரம் உள்ளே போகிறதா? அப்படியானால் டிங்கரிடம் கொண்டுபோக வேண்டும். அதன்மேல் பீடிங்கை ஒட்டி மறைக்காதீர்கள்.

பழைய பசையை விரலால் உருட்டி உருட்டி எடுக்கலாம். மிச்சத்தை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, பிறகு ஷாம்பு தண்ணீரில் கழுவி, கடைசியாக ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். எண்ணெய்ப் பசை துளி இருந்தாலும் டேப் ஒட்டாது. 3எம் போன்ற நல்ல இரட்டைப் பக்க டேப்பை பீடிங்கில் ஒட்டி, பாடியில் மாஸ்க்கிங் டேப்பால் ஒரு நேர்கோடு பிடித்துக்கொண்டு, அதை அணைத்து ஒட்டி அழுத்துங்கள். ஒரு நாளாவது வண்டியைக் கழுவ வேண்டாம். அடைமழையில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். ஈரக்காற்றில் ஒட்டியது சீக்கிரம் விட்டுவிடும். சித்திரை முதல் ஆவணி வரை நல்ல காலம்.

கிளிப் போடும்போது ஓட்டையின் விளிம்பைச் சுற்றிக் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். தகரத்தின் அறுபட்ட விளிம்பில்தான் துரு முதலில் ஆரம்பிக்கும். ஓட்டை பெரிதாகியிருந்தால் கிளிப்பின் கழுத்தில் பியூட்டைல் டேப் ஒரு சிட்டிகை உருட்டி வைத்து அழுத்தலாம். ஆட்டமும் நிற்கும், தண்ணீரும் இறங்காது.

வெளுத்துப்போன கறுப்புப் பட்டிக்கு டீசல் துடைப்பதும் தேங்காய் எண்ணெய் பூசுவதும் நம்மூர்ப் பழக்கம். இரண்டு நாள் கறுப்பாக இருக்கும், அப்புறம் புழுதி அப்பிக்கொள்ளும். டீசல் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். பிளாஸ்டிக் டிரிம்முக்கென்று விற்கும் டிரெஸ்ஸிங் வாங்கிப் பூசினால் மழை தாங்கும்.

தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது

எல்லாம் மாட்டிய பிறகு டிக்கியின் உள்பக்கம், விளக்கைச் சுற்றி முகப்பவுடரை மெல்லிசாகத் தூவுங்கள். வெளியிலிருந்து ஒருவர் குழாயால் முதலில் விளக்குக்குக் கீழே, பிறகு விளக்கின்மேல், கடைசியாகப் பீடிங்கின்மேல் என்று கீழிருந்து மேலாகத் தண்ணீர் விடட்டும். ஒவ்வொரு இடத்திலும் சில நிமிஷம். உள்ளே டார்ச்சோடு பார்த்துக்கொண்டிருந்தால் பவுடரில் தண்ணீர் போட்ட கோடு எங்கிருந்து தொடங்குகிறது என்று தெளிவாகத் தெரியும். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து ஒன்றும் புரியாது.

கடலோரத்தில் இருக்கிறவர்கள் வண்டி கழுவும் தண்ணீரையும் கவனிக்க வேண்டும். நாகை, வேதாரண்யம் பக்கத்துப் போர்த் தண்ணீர் பல இடங்களில் உப்பாக இருக்கும். அதில் கழுவிக் காயவிட்டால் விளக்கு இடுக்கில் வெள்ளையாக உப்புப் படியும். கடைசி ஒரு வாளியாவது நல்ல தண்ணீராக ஊற்றுங்கள்.

சொந்தக் காருக்குப் பதிவு 15 வருஷம். அதற்குமேல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அப்போது வண்டியை நேரில் காட்ட வேண்டும், விளக்குகளையும் பார்ப்பார்கள். முதல்நாள் மாலை சுவரில் வெளிச்சம் விழவைத்துப் பார்த்துவிட்டு, கூடுதலாக ஒரு பல்பும் ஒரு ஃபியூஸும் டேஷ்போர்டில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.